சிப்ஸ் பாக்கெட்டைத் துவைத்த மருமகனுக்கு

மருமகனே, சிப்ஸ் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவி, கிளிப் மாட்டிக் கொடியில காயப் போட்டிருக்கியாமே! ஒங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நான் சிரிக்கலே. பொண்டாட்டி பட்டுச்சேலைக்குப் பக்கத்துல தொங்குற அளவுக்கு அந்தப் பாக்கெட்டு என்ன சாதிச்சுதுன்னுதான் யோசனை பண்ணினேன். "அழுக்கா குடுத்தா மறுசுழற்சி பண்ண மாட்டாங்க மாமா"ன்னு எங்கிட்டயே ஒரு தடவை பாடம் எடுத்தே. நல்ல எண்ணந்தான். வாங்குறதுக்கு ஆள் பாத்து வச்சிருக்கியா? மீசை கறுத்திருந்த காலத்துலேருந்து கோவில்பட்டியில காயலாங்கடை நடத்துறவன் நான். பித்தளைத் தவலையைக் கண்ணீரோட கொண்டாந்தவன் உண்டு, மாமியார் உரலைக் கமுக்கமா கொண்டாந்த மருமக உண்டு. சிப்ஸ் பாக்கெட்டை என் தராசுல வச்சு "என்ன தருவீரு?"ன்னு கேட்டவன் ஒருத்தன் கெடையாது. கேட்டிருந்தா ஒரு டீயை வாங்கிக் குடுத்து, வீட்டுக்காரங்க நம்பரைக் கேட்டிருப்பேன்.

"பாக்கெட்டுக்குப் பின்னாடி முக்கோணம் போட்டிருக்கே"ம்பே. அந்த முக்கோணத்தோட பூர்வீகத்தைப் பேத்தி படிச்சுச் சொன்னா, கேளு. 1970-ல அமெரிக்காவுல அட்டைப்பெட்டி செய்ற கம்பெனி ஒண்ணு படம் வரையப் போட்டி வச்சுது. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த கேரி ஆண்டர்சன்ங்கிற பையன், மூணு அம்பு ஒண்ணையொண்ணு துரத்துற மாதிரி வரைஞ்சு பரிசை வாங்கிட்டுப் போனான். அது காகிதத்துக்குன்னு பொறந்த படம். 1988-ல அங்கேயிருந்த பிளாஸ்டிக் தொழில்காரங்க சங்கம் அதே சாயல்ல அம்பு முக்கோணத்தைப் போட்டு, நடுவுல 1லேருந்து 7 வரைக்கும் நம்பர் எழுதிக்கிட்டாக. அந்த நம்பர் 'இது இன்ன வகைப் பிளாஸ்டிக்கு'ன்னு சொல்லும், அம்புட்டுத்தான். 'என்னை மறுபடி உருக்குவாக'ன்னு அது யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கலே. ஆனா அம்பு சுத்துறதைப் பாத்தவுடனே படிச்சவங்களுக்குத் தலை சுத்திருச்சு. 2013-ல தரம் நிர்ணயிக்கிற அமைப்பே அம்பை எடுத்துட்டு வெறும் முக்கோணமா போடுங்கன்னு திருத்திச் சொல்லிருச்சு. பழைய அச்சு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதுல 7ன்னு போட்டிருந்தா என்ன அர்த்தம் தெரியுமா? முதல் ஆறுலயும் சேராததுன்னு அர்த்தம். அதையும் நீ பத்திரமா கழுவுவே.

என் கடைக் கணக்கு வேற. தேடி வர்றதுக்கு ஒருத்தன் இருக்கானா, வாங்குனா அவனுக்கு டீசல் காசு போக நாலு காசு நிக்குமா? நின்னா அது சரக்கு. நிக்கலேன்னா, என்ன அச்சடிச்சிருந்தாலும் அது குப்பை. எங்கப்பா காலத்துல 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு தெருவுல கூவிக்கிட்டுப் போவாக. இப்ப பிளாஸ்டிக் குடத்துக்கு வெங்காயமும் பூண்டும் தர்றான். சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு பூண்டுப் பல் தர்றேன்னு எவனாவது கூவிக் கேட்டிருக்கியா?

முதல்ல அட்டைப்பெட்டியை எடுத்துக்க. ஒன் வீட்டுக்குத்தான் வாரத்துக்கு வாரம் பெட்டி வருதே, ஒரு சீப்பு வாங்குனாலும் ஒரு செருப்புப்பெட்டி அளவுக்கு. பழுப்பு அட்டைக்கு எப்பவும் ஆள் உண்டு. ஆலைக்காரன் அதைத் தண்ணியில ஊறப்போட்டுக் கூழாக்கி, நாரைப் பிரிச்சு, மறுபடியும் அட்டையா ஊத்திருவான். ஒவ்வொரு தடவை ஊறும்போதும் நார் குட்டையாகிக்கிட்டே வரும். அஞ்சாறு தடவைக்கு மேல தாங்காது. அதுக்கும் பெறகு முட்டைத்தட்டு ஆகி நாமக்கல் முட்டையைச் சொமக்கும். நீ செய்ய வேண்டியது பெட்டிக்குள்ள இருக்கிற காத்துப்பையை எடுத்துட்டு, டேப்பை உரிச்சு, தட்டையா மடிச்சு, நனையாம வைக்கிறது. நனையாமன்னு ஏன் சொல்றேன்னா, எடை கூட்டுறதுக்குன்னே அட்டைக்கட்டுக்கு நடுவுல ஒரு வாளித் தண்ணியை ஊத்திக் கொண்டாற கெட்டிக்காரங்க உண்டு. கையை விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும். நானும் "நல்ல மழை போலருக்கு உங்க ஊருல"ம்பேன். சித்திரை மாசமா இருந்தாலும் "ஆமாண்ணே"ம்பான்.

பீட்சாப் பெட்டி, நெய் ஊறுன மிட்டாய்ப் பெட்டி, பஜ்ஜி வச்ச தாளு, இதெல்லாம் அட்டைக்கட்டுல சேராது. எண்ணெய் ஊறுன நாரு கூழுல கரையாம மிதந்து, தாள்ல புள்ளி புள்ளியா நிக்கும். எண்ணெய் படாத மூடியைக் கிழிச்சு எடுத்துக்க, அடிப்பாகத்தை மக்குற குப்பையில போடு. மிட்டாய்ப் பெட்டியில இன்னொரு சூது: மேல பளபளன்னு சாமி படம் மினுங்குதே, ஓரத்துல கிழிச்சுப் பாரு. கண்ணாடிக் கணக்கா ஒரு பிளாஸ்டிக் தோல் தனியா உரிஞ்சு வந்தா, அட்டைக்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். டீக்கடைக் காகிதக் கப்பும் அந்த ரகந்தான். பேருதான் காகிதம், உள்ளுக்குள்ள பாலித்தீன் பூசலேன்னா டீ ஒன் சட்டையிலதான் இருக்கும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேருந்து தடை பண்ணின 14 சாமான்ல அதுவும் ஒண்ணு. தடை தன் பாட்டுக்கு இருக்கு, கப்பு தன் பாட்டுக்கு இருக்கு.

தகரத்தையும் அலுமினியத்தையும் பத்தி ஒனக்குப் பாடம் வேண்டாம். பழைய ஸ்பீக்கர்லேருந்து கழட்டுன காந்தம் ஒண்ணை என் கல்லாப் பக்கத்துல கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். டின்னுல ஒட்டுனா இரும்பு, ஒட்டலேன்னா அலுமினியம், விலை ஏறிரும். மண்ணுலேருந்து புதுசா அலுமினியம் எடுக்கிற கரண்டு செலவுல இருபதுல ஒரு பங்கு போதும், பழசை உருக்குறதுக்கு. அதனாலதான் குளிர்பானக் கேனைத் தெருவுல வீசுனா விடியிறதுக்குள்ள காணாமப் போகுது. பிரியாணி வர்ற அலுமினியத் தட்டையும் கழுவி நசுக்கி இதோட போடு.

கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடி எத்தனை தடவை உருக்குனாலும் கண்ணாடிதான், தரம் எறங்காது. ஆனா உருக்குறதை விடக் கழுவுறது மேல். கோலிசோடா பாட்டிலு அப்பிடித்தான் எங்க காலத்துல குடிச்ச வாய் காயுறதுக்குள்ள திரும்பிப் போயிரும். இப்ப அந்த மரியாதை வேற பாட்டிலுக்கு வந்திருக்கு. மலையில உடைஞ்சு கெடக்குற பாட்டிலு யானை காலைக் கிழிக்குதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சதுல, 2022 மே மாசம் நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூவா கூட வச்சு வித்து, காலிப் பாட்டிலைக் குடுத்தா அந்த 10 ரூவாயைத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாக. பெறகு மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு. இயற்கையைக் காப்போம்னு சுவத்துல எழுதுனப்ப அசையாத மனுசன், நடை தள்ளாடுனாலும் பாட்டிலைக் கீழ போடாமக் கொண்டாந்து நீட்டுறான். "நான் அதெல்லாம் குடிக்கிறதில்லே மாமா"ன்னு அவசரப்பட்டுச் சொல்லாதே. நான் கேக்கவே இல்லையே.

ஊறுகாய் பாட்டிலு, ஜாம் பாட்டிலு எல்லாம் சரக்குதான். மூடியைக் கழட்டித் தகரத்தோட போடு. மூஞ்சி பாக்குற கண்ணாடி, டியூப்லைட்டு, அடுப்புல வைக்கிற கண்ணாடிச் சட்டி, பீங்கான் கப்பு, இதைப் பாட்டிலோட சேத்துராதே. உருகுற சூடே வேற. ஒரு பீங்கான் சில்லு உலையில உருகாம நின்னுக்கிட்டா, புதுப் பாட்டில்ல கல்லாப் போய் உக்காந்து அதை விரிசல் விட வைக்கும்.

இனிமேதான் நீ காத்துக்கிட்டிருக்கிற பிளாஸ்டிக்கு. தண்ணிப் பாட்டிலைக் கையில எடு. கவுத்து அடியைப் பாரு. நட்ட நடுவுல ஒரு புள்ளி மாதிரி கெட்டியா இருக்கா? அது பெட்ங்கிற பிளாஸ்டிக்கு. புள்ளிக்குப் பதிலா குறுக்க ஒரு கோடு ஓடுனா வேற வகை, ஷாம்பூ பாட்டிலும் பினாயில் பாட்டிலும் அந்தக் கோட்டுக்காரங்க. எங்க கடைப் பையன் முக்கோணத்தைத் தேடுறதே இல்லே. நசுக்கிச் சத்தத்தைக் கேப்பான், நகத்தால கீறுவான், அதுலயும் தீராட்டி ஒரு துணுக்கைக் கொளுத்தி மோந்து பாப்பான். மெழுகுவத்தி வாசம் வந்தா பாலித்தீன். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனா பி.வி.சி. இது ஒனக்குச் சொல்லலே. அபார்ட்மென்ட்டுக்குள்ள கொளுத்திப் பாத்துட்டு மாமாதான் சொன்னாருன்னு என்னை மாட்டி விட்டுறாதே. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, எங்க பையனையும் இப்ப அதட்டி நிறுத்தி வச்சிருக்கேன்.

பெட் பாட்டிலைத் துண்டு துண்டா வெட்டித் தொட்டித் தண்ணியில கொட்டுவாக பாரு, அதை ஒரு தடவை வந்து வேடிக்கை பாரு. பாட்டில் துண்டு அம்புட்டும் அடியில போய்ப் படுத்துரும், மூடித் துண்டு மட்டும் பூராவும் மேல மிதக்கும். பெட் தண்ணியை விடக் கனம். மூடி செய்ற பிளாஸ்டிக்கு தண்ணியை விட லேசு. ஒரு சல்லடைக் கரண்டியால மேலாக அள்ளுனா மூடி தனி, பாட்டிலு தனி. எந்த எந்திரமும் வேண்டாம். பி.வி.சி. லேபிள் ஒட்டியிருந்தா மட்டும் தலைவலி, அதுவும் பெட்டோட சேந்து முங்கிரும். உருக்கையில முதல்ல அதுதான் கருகி மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கும். அதனால லேபிளை உரிச்சிரு. நசுக்கிட்டு மூடியைப் போடு, நிறைய எடம் மிச்சமாகும்.

அந்தத் துண்டை உருக்கி நூலா இழுத்தா பாலியெஸ்டர். 2023 பிப்ரவரியில பிரதமர் நாடாளுமன்றத்துக்கு நீலநிறக் கையில்லாச் சட்டை போட்டுட்டுப் போனாரே, பழைய பாட்டில்லேருந்து வந்த துணி அது. நெய்து அனுப்புனது நம்ம கரூர்க்காரங்க. நீ ஜிம்முக்குப் போட்டுட்டுப் போற பனியன்லயும் எவன் குடிச்ச பாட்டிலோ இருக்கலாம். ஆனா பாட்டிலு சட்டையாகும், சட்டை மறுபடி பாட்டிலாகி வர்றது அபூர்வம். நீ சுழற்சின்னு சொல்றே. பெரும்பாலும் அது ஒருவழிப் பாதை, ஒரு பஸ் நிறுத்தம் கூட, அம்புட்டுத்தான்.

பால் கவரை மட்டும் நீ சும்மா தூக்கிப் போடுறேன்னு கேள்விப்பட்டேன். இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கழுவ வேண்டியதைக் கழுவாம, கழுவக் கூடாததுக்குச் சலவை. ஆவின் கவரு நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, ஒரே பாலித்தீன் குடும்பம். கழுவிக் காய வச்சுச் சேத்தா நல்ல விலை. ஒங்கம்மா எங்க வீட்டுல இருந்தவரைக்கும் சமையக்கட்டு ஓட்டு ஓரத்துல ஆணி அடிச்சுக் கோத்து வைப்பா. கார்த்திகைக்கு அகல் வாங்குற காசு அதுலதான். ஒரு சூட்சுமம் சொல்றேன்: கவர் மூலையை வெட்டும்போது முழுசா வெட்டி எடுக்காதே, ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்கட்டும். அந்த நகத்துண்டு அளவு முக்கு தனியாப் போச்சுன்னா ஒருத்தனும் பொறுக்க மாட்டான், நேரா சாக்கடைதான். கவரை உருக்கிக் குருணையாக்கி, தோட்டத்துக் குழாயும் கறுப்புக் குப்பைப்பையும் செய்வாக. அந்தப் பையை விலைக்கு வாங்கி அதுல பால் கவரைப் போடுறே பாரு, ஒன்னை மாதிரி வாடிக்கைக்காரன் கெடைச்சா பை செய்றவனுக்குக் கொண்டாட்டம்.

சாம்பார் வர்ற டப்பா, தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, இதெல்லாம் அஞ்சாம் நம்பர். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுனா வாங்கிக்கிடுவோம். கறுப்பு டப்பாவுக்கு விலை கம்மி, ஏன்னா கறுப்பை வேற எந்த நிறமாவும் மாத்த முடியாது. பூந்தொட்டியோ வாளியோ ஆகும்.

சிப்ஸ் பாக்கெட்டை ஏன் சேக்குறதில்லேன்னு இப்ப சொல்லிர்றேன், இல்லேன்னா ராத்திரி போன் போடுவே. கசக்கிக் கையை விரி. குப்புன்னு விரிஞ்சுக்கிருச்சா? உள்ள மினுங்குறது அலுமினியத் தகடு இல்லே, பிளாஸ்டிக் மேல ஊதுன பூச்சு. அதுக்கு மேல மை, அதுக்கு மேல இன்னொரு பிளாஸ்டிக்கு, நடுவுல பசை. மனுசனுக்குள்ள கலப்புக் கல்யாணம் நடந்தா நான் முதல் வரிசையில உக்காந்து சாப்பிடுவேன். பொட்டலத்துக்குள்ள நடந்தா எனக்கு ஆகாது, ஏன்னா அங்க விவாகரத்துக்கு வழியே கெடையாது. ஷாம்பூ பாக்கெட்டும் அந்தக் கூட்டந்தான். சாஷேயில அடைச்சா ஏழைக்கும் எட்டும்னு காட்டுனவரு நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்த மூளைக்கு நான் கும்பிடு போடுவேன். வெறும் சீயக்காயோட இருந்த ஊருக்கெல்லாம் நுரையைக் காட்டுனது சாஷேதானே. குளிச்ச தலை காயுறதுக்குள்ள அந்தச் சாஷே ஓடையில போய்ச் சேந்துரும், கிலோ தேறணும்னா எத்தனை தலை குளிக்கணும்னு கணக்குப் பாத்து நாங்க விட்டுட்டோம். நம்ம ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாக. மேல சுத்துற கவருக்கு அந்தக் கௌரவம் இன்னும் வரலே.

மாத்திரை அட்டையும் வேண்டாம், அது பி.வி.சி.யும் அலுமினியமும் ஒட்டுனது. ஜூஸ் டப்பா, முக்கால்வாசி காகிதம், மிச்சம் பாலித்தீனும் கொஞ்சூண்டு அலுமினியமும். அதைப் பிரிக்கிறதுக்குன்னே உள்ள ஆலைக்குப் போய்ச் சேந்தா காகிதம் கூழாகும், மத்தது பலகையாகும். ஒன் அபார்ட்மென்ட்டுல அதுக்குத் தனி ஏற்பாடு இருந்தா தட்டையாக்கிக் குடு. இல்லேன்னா முக்கோணத்தைக் கும்பிட்டுட்டுக் குப்பையில போடு.

அப்ப சிப்ஸ் பாக்கெட்டுக்கு மோட்சமே கெடையாதான்னு கண்ணைக் கசக்காதே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில வாசுதேவன்னு ஒரு வாத்தியார், 2018-ல பத்மஸ்ரீ வாங்குனவரு, ஒரு வழி கண்டுபிடிச்சாரு. ஜல்லியை 170 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கி, பொடிசா நறுக்குன பையையும் பாக்கெட்டையும் தூவுனா, அரை நிமிசத்துல உருகிக் கல்லு மேல சட்டை போட்டுக்கிடும். பெறகு தாரைக் கலந்து ரோடு போடலாம். தாரும் கொஞ்சம் மிச்சம், தண்ணியும் சீக்கிரம் எறங்காது. இதுலயும் பி.வி.சி.யைச் சேக்கக் கூடாது. இன்னொரு வழி, அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாப் போறது. அது எரிக்கிறதுதான் மருமகனே, மறுசுழற்சின்னு மேடையில பேசுனா நம்பிறாதே. ரெண்டுக்கும் நீ பாக்கெட்டைத் துவைச்சு இஸ்திரி போட வேண்டியதில்லே. உதறிட்டு, காஞ்சதா, மக்காத குப்பையில தனியாப் போட்டாப் போதும்.

தெர்மாகோலைப் பத்தித் தமிழ்நாட்டுக்காரனுக்கு நான் புதுசாச் சொல்ல என்ன இருக்கு? 2017-ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கட்டும்னு அதை ஒட்டி ஒட்டி விட்டாக, காத்து ஒரு தள்ளுத் தள்ளி எல்லாத்தையும் கரையில சேத்துருச்சு. நூத்துல தொண்ணூத்தெட்டுப் பங்கு காத்துதான் அது. காத்து வந்து தன் சொந்தக்காரனைக் கூட்டிட்டுப் போனதுல தப்பென்ன? உருக்குனா போட்டோ பிரேம் செய்யலாம், உண்மைதான். ஆனா ஒரு லாரி நெறைய ஏத்துனாலும் எடை மேடை முள்ளு மரியாதைக்குத்தான் அசையும். டி.வி. வாங்குனா பெட்டியை நீ எடுத்துக்க, தெர்மாகோலைக் கடைக்காரன்கிட்டயே விட்டுரு.

எந்தங்கச்சி இன்னொண்ணும் சொன்னா. தை மாசம் பிள்ளைக்குக் காதுகுத்துக்கு தாம்பூலப் பை 500 அடிக்கக் குடுத்திருக்கியாம், "துணிப்பைதான் அண்ணே"ன்னா. ஒரு நூலை உருவிக் காட்டச் சொல்லு பாப்போம். வராது, ஏன்னா அதுல நூலே கெடையாது. துணி வேசம் போட்ட பிளாஸ்டிக்கு, அஞ்சாம் நம்பரு, அந்த 14 சாமான் தடையில அதுவும் இருக்கு. அதுல ஒன் மூஞ்சியையும் மருமகப்பொண்ணு மூஞ்சியையும் அச்சடிச்சு ஊரெல்லாம் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா? நெசமான மஞ்சப்பைக்குச் சொல்லு, விலை ஒரு மடங்கு கூடத்தான். கூட வேண்டிய காசுக்கு வழியிருக்கு. பந்திக்கு 200 மில்லிப் பாட்டிலு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்கே பாரு, அதை நிறுத்து. சமையக்காரர்கிட்ட பேசிட்டேன், எவர்சில்வர் டம்ளரும் பித்தளை அண்டாவும் அவரே கொண்டாந்துருவாரு. கழுவுற ஆளுக்குக் கூலியை மட்டும் நீ முன்கூட்டியே அனுப்பிரு. ஒம் மாமாவுக்குப் பழைய பாக்கி வச்சே பழக்கமாயிருச்சுன்னு அவரு வாய் விட்டே சொல்றாரு.